படம் வரைந்தோம், பார்த்தோமா?

செருப்பு மாதிரி ஒரு உருவம். அதைச் சுற்றிலும் முடி முளைத்தது போலச் சின்னச் சின்னக் கோடுகள். உள்ளே ஒரு பெரிய உட்கரு, அதையொட்டி ஒரு சின்ன உட்கரு, இரண்டு முனையிலும் நட்சத்திரம் போல ஒரு குறி. ‘பாரமீசியத்தின் படம் வரைந்து பாகங்களைக் குறி’ என்ற கேள்வியைச் சந்திக்காமல் பள்ளிக்கூடத்தைத் தாண்டி வந்தவர்கள் நம்மில் குறைவு. பென்சிலைக் கூராகச் சீவி, ஸ்கேல் வைத்துக் கோடு இழுத்து, பெயர்களை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினால் முழு மதிப்பெண்.

வரைந்தவர்களில் எத்தனை பேர் ஒரு பாரமீசியத்தை உயிரோடு பார்த்திருக்கிறோம்? பத்துப் பேரிடம் கேட்டுப் பாருங்கள். ஒருவர் ‘பார்த்தேன்’ என்றால் அதிசயம். பூனையையே பார்க்காமல் பூனைக்கு மீசை வரையப் பழகிய மாதிரிதான் இது. அதற்காகப் பிள்ளைகளையோ ஆசிரியர்களையோ குறை சொல்லிப் பயனில்லை. ஒரு வகுப்பில் ஐம்பது பேர், ஒரே ஒரு மைக்ரோஸ்கோப், நாற்பது நிமிடப் பாடவேளை என்றால் யார்தான் என்ன செய்வார்கள்?

பள்ளிக்கூடத்தில் முடியாதது வீட்டில் முடியும். செலவு அதிகமில்லை. பொறுமைதான் கொஞ்சம் வேண்டும். இந்த வாரம் அதைப் பற்றித்தான் பேசப்போகிறோம்.

ஒரே செல், ஆயிரம் துடுப்பு

பாரமீசியம் ‘சிலியேட்’ என்ற பெரிய குடும்பத்தைச் சேர்ந்தது. சிலியா என்றால் குறுஇழை. உடம்பு முழுக்கவோ, ஒரு பகுதியிலோ குறுஇழைகள் முளைத்த ஒற்றைச் செல் உயிரிகளுக்குத்தான் இந்தப் பெயர். பாரமீசியத்தின் உடலில் ஆயிரக்கணக்கான குறுஇழைகள் உண்டு. படகுப் போட்டியில் எல்லாத் துடுப்பும் வரிசையாக ஏறி இறங்குமே, அப்படி அவை அடித்துக்கொண்டே இருக்கும். நீந்துவதும் அவற்றால்தான், உணவை வாய்ப்பக்கம் தள்ளுவதும் அவற்றால்தான்.

இந்தக் குறுஇழை நமக்கு அந்நியமான பொருளல்ல. நம் மூச்சுக்குழாயின் உட்சுவரில் தூசியையும் சளியையும் மேல்நோக்கித் தள்ளிக்கொண்டிருப்பதும் இதே அமைப்புள்ள இழைகள்தான். குளத்தில் நீந்தும் உயிரிக்கும் நம் தொண்டைக்கும் அப்படி ஒரு பழைய உறவு.

இவை எங்கே இருக்கின்றன என்று கேட்டால், எங்கே இல்லை என்று திருப்பிக் கேட்கலாம். குளம், குட்டை, வயல், கிணறு, கடல், ஈர மண், பூந்தொட்டியின் அடித்தட்டு எல்லாவற்றிலும் உண்டு. நம் வீட்டுப் பசுவின் வயிற்றில்கூட வைக்கோலைச் செரிக்க உதவும் சிலியேட்டுகள் கூட்டம் கூட்டமாக வாழ்கின்றன.

மிளகுத் தண்ணீரில் தெரிந்த உலகம்

இந்த உலகத்தை முதலில் கண்டவர் பல்கலைக்கழகப் பேராசிரியர் அல்ல. நெதர்லாந்தில் டெல்ஃப்ட் என்ற ஊரில் துணிக்கடை வைத்திருந்த ஆண்டனி வான் லீவன்ஹுக். அறிஞர்களின் மொழியான லத்தீன் அவருக்குத் தெரியாது. துணியின் நூலிழையைச் சோதிக்க அந்தக் காலத்து வியாபாரிகள் உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்திருப்பார்கள். இவரோ தானே கண்ணாடியைத் தேய்த்து, கடுகளவு லென்ஸ்களைச் செய்யத் தொடங்கினார். வாழ்நாளில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட லென்ஸ்கள் செய்தார் என்கிறார்கள்.

1674-இல் ஊருக்குப் பக்கத்திலிருந்த ஏரியின் தண்ணீரைப் பார்த்தபோது அதில் உயிர்கள் நெளிவதைக் கண்டார். பிறகு அவருக்கு ஒரு சந்தேகம்: மிளகு ஏன் காரமாக இருக்கிறது? காரணம் கண்ணுக்குத் தெரிகிறதா பார்ப்போம் என்று மிளகைத் தண்ணீரில் ஊறப்போட்டு வைத்தார். சில வாரங்கள் கழித்து ஒரு சொட்டை எடுத்துப் பார்த்தால், காரத்தின் காரணம் தெரியவில்லை. ஆனால் அந்தத் தண்ணீர் முழுக்கக் குட்டி விலங்குகள்! நம் வீட்டில் சளி பிடித்தால் வைக்கிற மிளகுத் தண்ணீர் இங்கிலீஷ்காரர்களின் சாப்பாட்டு மேசைக்கு ‘முல்லிகட்டானி’ என்று போனது நமக்குத் தெரியும். ஊறவைத்த மிளகுத் தண்ணீர் அறிவியலின் மேசைக்கும் போயிருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது.

1676 அக்டோபரில் லண்டனில் உள்ள ராயல் சொசைட்டிக்கு இதையெல்லாம் நீண்ட கடிதமாக டச்சு மொழியில் எழுதி அனுப்பினார். தண்டின்மேல் உட்கார்ந்து சுருங்கி விரியும் மணி வடிவ உயிரியைக்கூட அதில் வர்ணித்திருந்தார். படித்தவர்களுக்கு நம்பிக்கை வரவில்லை. ஒரு சொட்டில் இத்தனை ஆயிரம் உயிரா என்று சந்தேகப்பட்டார்கள். லீவன்ஹுக் ஊரிலுள்ள பாதிரியார்கள் போன்ற பெரிய மனிதர்களை அழைத்துத் தன் லென்ஸ் வழியே பார்க்கவைத்து, அவர்களிடம் சாட்சிக் கடிதம் வாங்கி அனுப்பினார். கடைசியில் ராபர்ட் ஹூக் லண்டனிலேயே மிளகை ஊறப்போட்டு, 1677 நவம்பரில் சொசைட்டியின் உறுப்பினர்களுக்கு நேரில் காட்டினார். அப்புறம்தான் பேச்சு அடங்கியது.

இந்தக் கதையில் எனக்குப் பிடித்தது அந்த முடிவுதான். யாரும் ‘பெரியவர் சொன்னால் சரி’ என்று ஒப்புக்கொள்ளவில்லை; ‘துணிக்கடைக்காரர் சொன்னால் தப்பு’ என்று தூக்கிப் போடவும் இல்லை. மிளகை ஊறவைத்து, தாங்களே ஒரு முறை பார்த்தார்கள்.

ஒரு பாட்டில், ஒரு பிடி வைக்கோல்

நாமும் அதையேதான் செய்யப்போகிறோம். மிளகுக்குப் பதில் வைக்கோல். கிடைக்காதவர்கள் உலர்ந்த புல் எடுத்துக்கொள்ளலாம்.

ஒரு பிடி வைக்கோலைச் சின்னத் துண்டுகளாக நறுக்கி, ஒரு லிட்டர் தண்ணீரில் பத்து நிமிடம் கொதிக்கவிட்டு ஆறவையுங்கள். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும். அதை முதல் நாளே பாத்திரத்தில் திறந்து வைத்துவிட்டுப் பிறகு பயன்படுத்துங்கள். ஆறிய தண்ணீரை வைக்கோலோடு ஒரு அகலவாய்க் கண்ணாடி பாட்டிலில் ஊற்றி இரண்டு நாள் விடுங்கள். தண்ணீர் கலங்கி, லேசாக வாடை வரும். பயப்பட வேண்டாம்; அது பாக்டீரியா பெருகுவதற்கு அடையாளம். சிலியேட்டுகளுக்கு அதுதான் சாப்பாடு. மூன்றாம் நாள், ஒரு குளத்திலிருந்தோ குட்டையிலிருந்தோ அரை டம்ளர் தண்ணீரைக் கொண்டுவந்து சேர்த்துவிடுங்கள். ஆகாயத்தாமரையின் வேர் ஒன்று கிடைத்தால் அதை அந்தத் தண்ணீரில் அலசிச் சேர்ப்பது இன்னும் நல்லது. வேரில்தான் பல உயிரிகள் ஒட்டிக்கொண்டிருக்கும்.

முக்கியமான விஷயம், பாட்டிலின் வாயை மெல்லிய வேட்டித் துணியால் மூடி ரப்பர் பேண்டு போடுங்கள். காற்று போக வேண்டும், கொசு போகக் கூடாது. டெங்கு காலத்தில் வீட்டில் திறந்த தண்ணீரை வைத்து யாரும் அறிவியல் வளர்க்க வேண்டாம். பாட்டிலை நேர் வெயில் படாத இடத்தில், சமையலறைக்கு வெளியே வையுங்கள். சாக்கடைத் தண்ணீர் வேண்டவே வேண்டாம். பாட்டிலைத் தொட்ட பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். இதைப் பிள்ளைகளுக்கு ஒரு தடவைக்கு இரண்டு தடவை சொல்லுங்கள்.

இனி மைக்ரோஸ்கோப். மாணவர்களுக்கான சாதாரண மைக்ரோஸ்கோப் சில ஆயிரம் ரூபாயில் கிடைக்கிறது. வாங்கும்போது ‘இரண்டாயிரம் மடங்கு பெரிதாகத் தெரியும்’ என்ற விளம்பரத்தில் மயங்காதீர்கள். இந்த வேலைக்கு 40 மடங்கும் 100 மடங்கும்தான் அதிகம் தேவைப்படும், எப்போதாவது 400 மடங்கு. உறுதியான தாங்கியும், வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதியும் இருக்கிறதா என்று பாருங்கள்.

அதுவும் முடியாது என்றால் ஃபோல்ட்ஸ்கோப் இருக்கிறது. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பணிபுரியும் இந்திய விஞ்ஞானி மனு பிரகாஷும் அவர் மாணவர்களும் உருவாக்கியது. காகிதத்தை மடித்துச் செய்கிற மைக்ரோஸ்கோப். 2014-இல் அதைப் பற்றிய கட்டுரையை வெளியிட்டபோது, பொருட்செலவு ஒரு டாலருக்கும் கீழே என்று கணக்குக் காட்டினார்கள். ஏறக்குறைய 140 மடங்கு பெரிதாக்கும். பாரமீசியத்தைப் பார்க்க அது போதும்.

சொட்டுக்குள் ஓட்டம்

என் அண்ணன் மகள் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். விடுமுறையில் எங்கள் வீட்டுக்கு வந்தபோது இருவருமாக ஒரு பாட்டில் வைத்தோம். ஒவ்வொரு நாளும் மாலையில் ஒரு சொட்டு என்று கணக்கு.

முதல் சில நாள் பாக்டீரியாக்களின் நடுக்கம் மட்டும் தெரிந்தது. அடுத்து அவரை விதை வடிவத்தில் குட்டியாக ஒன்று உருண்டு உருண்டு ஓடியது. கொல்போடா என்று பெயர். வறட்சி வந்தால் இது தன்னைச் சுற்றி உறை கட்டிக்கொண்டு காய்ந்த புல்லிலும் மண்ணிலும் தூங்கும். ஈரம் பட்டால் விழித்துக்கொள்ளும். ஒரு வாரம் கழித்துத்தான் அவள் காத்திருந்த ஆள் வந்தது.

பாரமீசியத்தைப் பிடிக்க ஒரு வழி சொல்கிறேன். பாட்டிலுக்குப் பின்னால் ஒரு கறுப்புத் தாளை வைத்து, பக்கவாட்டில் டார்ச் அடித்துப் பாருங்கள். தண்ணீரின் மேல்பக்கத்தில் வெள்ளைத் தூசி போலப் புள்ளிகள் தாமாக நகர்ந்தால் அவையாக இருக்கலாம். அதன் நீளம் ஏறக்குறைய கால் மில்லிமீட்டர். கூர்மையான கண்ணுக்கு மட்டுமட்டாகத் தெரியும் அளவு. அந்த இடத்திலிருந்து சொட்டுக்குழலால் ஒரு சொட்டு எடுத்து ஸ்லைடில் விடுங்கள். மேலே கவர் ஸ்லிப் வைக்கும் முன் நான்கைந்து பஞ்சு இழைகளைப் பிரித்துப் போடுங்கள். அது ஏன் என்பது பார்த்தவுடன் புரியும்.

‘‘அத்தை, இது நிக்கவே மாட்டேங்குது. எப்படி வரையறது?’’

அவள் கேட்ட முதல் கேள்வி அதுதான். பாரமீசியம் ஒரு வினாடிக்கு ஒரு மில்லிமீட்டர் தூரம் நீந்தும். 100 மடங்கில் பார்க்கும்போது நம் கண்ணுக்குத் தெரிகிற வட்டத்தின் அகலமே ஏறக்குறைய இரண்டு மில்லிமீட்டர்தான். அதாவது உள்ளே நுழைந்தால் இரண்டே வினாடியில் வெளியே போய்விடும். பாடப்புத்தகப் படம் சொல்லாத முதல் உண்மை இது. இரண்டாவது உண்மை, அது நேராகப் போவதில்லை. திருகாணி போலச் சுழன்றுகொண்டே போகிறது. மூன்றாவது, அதற்குப் புத்தகத்தில் இருப்பது போன்ற நிறம் கிடையாது. கண்ணாடி போல இருக்கிறது. வெளிச்சத்தைக் குறைத்தால்தான் விளிம்பும் உள்ளுறுப்புகளும் தெளிகின்றன. நன்றாகத் தெரிய வேண்டுமென்றால் வெளிச்சத்தைக் கூட்டத் தோன்றும். இங்கே குறைக்க வேண்டும்.

பஞ்சு இழைகள் வேலி போல நிற்கும். அந்தச் சின்ன அறைகளுக்குள் அது மாட்டிக்கொண்டால் உங்களுக்குச் சில நிமிடம் கிடைக்கும். அப்போது அது இழையில் முட்டுவதைக் கவனியுங்கள். முட்டியதும் பின்னால் போகும். கொஞ்சம் திரும்பும். மறுபடி முன்னால் வரும். மறுபடி முட்டினால் மறுபடி பின்னால். வழி கிடைக்கும் வரை இதேதான். குறுகலான சந்தில் காரைத் திருப்புகிறவரைப் பார்ப்பது போல இருக்கும்.

அந்தப் பின்வாங்கலுக்குள் ஒரு பெரிய விஷயம் இருக்கிறது. முட்டியவுடன் செல்லின் வெளிச்சவ்வில் மின்னழுத்தம் மாறுகிறது; கால்சியம் அயனிகள் உள்ளே பாய்கின்றன; குறுஇழைகள் எதிர்த்திசையில் அடிக்கின்றன. நம் நரம்புச் செல்களில் செய்தி ஓடுவதும் இப்படிச் சவ்வின் மின்னழுத்தம் மாறுவதால்தான். 1970-களின் தொடக்கத்தில் சிங் குங் என்ற விஞ்ஞானி, பின்னால் போகவே தெரியாத பாரமீசியங்களைப் பிரித்தெடுத்தார். மரபணு மாற்றத்தால் அவற்றில் இந்தக் கால்சியப் பாதை வேலை செய்யவில்லை. அவற்றுக்கு அவர் வைத்த பெயர் ‘பான்’. செஸ்ஸில் சிப்பாய்க்குப் பின்வாங்கும் உரிமை கிடையாது அல்லவா?

எண்ணிப் பாருங்கள்

புத்தகத்தில் நட்சத்திரம் போல வரைந்தோமே, அது சுருங்கும் நுண்குமிழி. படத்தில் அது அசையாமல் நிற்கும் ஒரு குறி. நேரில் அது ஒரு இதயம் போல. மெல்ல நிரம்பி வட்டமாகும், சட்டென்று காணாமல் போகும், மறுபடி நிரம்பும். குளத்துத் தண்ணீரைவிட செல்லுக்குள் உப்புகள் அதிகம். அதனால் தண்ணீர் ஓயாமல் உள்ளே புகுந்துகொண்டே இருக்கும். இறைத்து வெளியே கொட்டாவிட்டால் செல் உப்பி வெடித்துவிடும். ஓட்டைப் படகில் உட்கார்ந்து தண்ணீர் இறைப்பவரின் நிலைதான் அதற்கு, ஆயுள் முழுக்க.

இதை வைத்து ஒரு எளிய சோதனை செய்யலாம். ஒரு சுருக்கத்துக்கும் அடுத்த சுருக்கத்துக்கும் எத்தனை வினாடி என்று செல்போனில் நேரம் பார்த்து எண்ணுங்கள். பத்து முறை எண்ணிச் சராசரி எடுங்கள். பிறகு மிக மிக லேசான உப்புத் தண்ணீரில் ஒரு சொட்டைக் கவர் ஸ்லிப்பின் ஓரத்தில் விட்டு, மறுபடி எண்ணுங்கள். வெளியிலும் உப்பு இருப்பதால் உள்ளே புகும் தண்ணீர் குறையும், இறைக்கும் வேகமும் குறையும். எட்டாம் வகுப்பு, பத்தாம் வகுப்பு, கல்லூரி என்று எத்தனை முறை சவ்வூடு பரவலைப் படித்தாலும், இந்த எண்ணிக்கை மாறுவதைக் கண்ணால் பார்ப்பது போல் வராது.

அடுத்தது சாப்பாட்டு வேளை. ரொட்டிக்குப் போடும் ஈஸ்ட்டைத் துளி எடுத்துத் தண்ணீரில் கரைத்து ஸ்லைடில் சேருங்கள். குறுஇழைகள் சுழல் உண்டாக்கி ஈஸ்ட்டை வாய்ப்பள்ளத்துக்குள் இழுப்பதும், உள்ளே அது உருண்டையாகச் சேர்வதும், அந்த உணவுக் குமிழி கழன்று செல்லுக்குள் ஊர்வலம் போவதும் தெரியும். என் அண்ணன் மகள் ஒரு மணி நேரம் எழுந்திருக்கவில்லை. ‘‘டீ ஆறிடுச்சு’’ என்று நான் சொன்னது அவள் காதில் விழவேயில்லை.

வேறு யார் யார் வருவார்கள்?

பாட்டில் ஒரு ஊர் மாதிரி. குடித்தனங்கள் மாறிக்கொண்டே இருக்கும். இரண்டு, மூன்று வாரத்தில் வேறு முகங்கள் வரும்.

வோர்டிசெல்லா மணி வடிவம். மெல்லிய தண்டால் எதிலாவது ஒட்டிக்கொண்டிருக்கும். ஸ்லைடை லேசாகத் தட்டினால் தண்டு ஸ்பிரிங் போலச் சுருண்டு மணி கீழே இறங்கிவிடும். கண் இமைப்பதற்குள் நடக்கும். பிறகு நிதானமாக நிமிரும். தொட்டாற்சிணுங்கியை விரல் வைத்துப் பார்க்கும் சந்தோஷம் இதில் உண்டு. லீவன்ஹுக் கண்ட மணி இதுதான்.

யூப்லோட்டஸ் என்பது நடக்கும். ஆமாம், நடக்கும். குறுஇழைகள் கற்றை கற்றையாகச் சேர்ந்து கால்களாகி, பாசி இழைமேல் தடதடவென்று ஓடும். நின்று, யோசித்தது போல ஒரு கணம் தயங்கி, வேறு பக்கம் திரும்பும்.

டிடினியம் பீப்பாய் வடிவ வேட்டைக்காரன். தன்னைவிடப் பெரிய பாரமீசியத்தை மூக்கால் குத்திப் பிடித்து முழுசாக விழுங்கும். இது எல்லாப் பாட்டிலிலும் வராது. வந்தால் சில நாளில் பாரமீசியம் காலி. அதன்பின் டிடினியத்துக்கும் சாப்பாடு இல்லை. உறை கட்டிக்கொண்டு தூங்கப் போய்விடும். உணவுச் சங்கிலி என்று அம்புக்குறி போட்டுப் படித்ததை ஒரு பாட்டிலில் வாரக்கணக்கில் பார்க்கலாம்.

லாக்ரிமேரியா கிடைத்தால் உங்களுக்கு யோகம். கண்ணீர்த்துளி போன்ற உடல். இரை தேடும்போது அதிலிருந்து கழுத்து நீளும், நீளும், உடலைப் போலப் பல மடங்கு நீளும். அடுத்த நொடி மீண்டும் உள்ளே போய்விடும். இவ்வளவு கழுத்தை அது எங்கே மடித்து வைக்கிறது? காகித மைக்ரோஸ்கோப் செய்த அதே மனு பிரகாஷும் அவருடைய மாணவி எலியட் ஃப்ளாமும் 2024-இல் இதற்கு விடை கண்டுபிடித்து வெளியிட்டார்கள். காகிதம் மடிக்கும் ஓரிகாமி கலையைப் போல, செல்லின் சவ்வு ஒழுங்கான மடிப்புகளாக அடுக்கப்பட்டிருக்கிறது. காகிதத்தை மடித்து மைக்ரோஸ்கோப் செய்தவருக்கு, மைக்ரோஸ்கோப்புக்குள் மடிப்பே காத்திருந்திருக்கிறது!

இது யோசிக்குமா?

இழைக்கு இழை முட்டித் திரும்பும் பாரமீசியத்தைப் பார்த்துவிட்டு அண்ணன் மகள் கேட்டாள்: ‘‘இது யோசிக்குதா, அத்தை?’’

ஒரே செல். மூளை இல்லை, நரம்பு இல்லை. ‘இல்லை’ என்று சொல்லிவிடுவது சுலபம். ஆனால் இந்தக் கேள்விக்கு நூறு வருடத்துக்கும் மேலான ஒரு கதை இருக்கிறது. அதை அவளுக்குச் சொன்னேன்.

ஹெர்பர்ட் ஜென்னிங்ஸ் என்ற அமெரிக்க விலங்கியல் அறிஞர், ஸ்டென்டார் என்ற சிலியேட்டைக் கவனித்தார். ஊதுகுழல் வடிவம், அடிப்பக்கத்தை எதிலாவது ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். அதன் வாய்ப்பக்கம் அவர் கார்மைன் என்ற சிவப்புத் தூளைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டார். முதலில் அது ஒரு பக்கம் வளைந்து ஒதுங்கியது. தூள் நிற்கவில்லை என்றதும் குறுஇழைகளை எதிர்த்திசையில் அடித்துத் தூளைத் தள்ளியது. அதற்கும் பலனில்லை என்றதும் சுருங்கித் தன் கூட்டுக்குள் போனது. திரும்ப வெளியே வந்தபோதும் தூள் வந்துகொண்டே இருந்தால், கடைசியில் ஒட்டியிருந்த இடத்தையே விட்டுவிட்டு நீந்திப் போய்விட்டது. ஒரே தொல்லைக்கு ஒன்றன்பின் ஒன்றாக வேறு வேறு பதில்! 1906-இல் வந்த தன் புத்தகத்தில் ஜென்னிங்ஸ் இதை எழுதினார்.

1967-இல் வேறு இருவர் அதே சோதனையைச் செய்தார்கள். அப்படி எதுவும் நடக்கவில்லை என்றார்கள். ஜென்னிங்ஸின் ஸ்டென்டார் மெல்ல மறக்கப்பட்டது. அவர்கள் பயன்படுத்தியதோ ஸ்டென்டாரில் வேறொரு இனம். ஓரிடத்தில் ஒட்டி உட்காருவதைவிட நீந்தவே விரும்பும் இனம் அது!

ஹார்வர்டு மருத்துவப் பள்ளியைச் சேர்ந்த ஜெரமி குணவர்த்தனா, சுதாகரன் பிரபாகரன், ஜோசஃப் டெக்ஸ்டர் ஆகியோர் ஜென்னிங்ஸ் பார்த்த அதே இனத்தைத் தேடிப் பிடித்து, மிகச் சிறிய பிளாஸ்டிக் மணிகளை அதன்மேல் விட்டுப் படமெடுத்தார்கள். 2019-இல் முடிவு வெளியானது. ஒவ்வொரு ஸ்டென்டாரும் அச்சில் வார்த்தது போல ஒரே மாதிரி நடக்கவில்லை. ஆனால் மொத்தமாகச் சேர்த்துப் பார்த்தால் ஜென்னிங்ஸ் சொன்ன வரிசை இருந்தது. முதலில் எளிய வழிகள், அவை பலிக்காதபோது சுருங்குவது அல்லது கிளம்பிப் போவது. சுருங்குவதா, கிளம்புவதா என்பது நாணயம் சுண்டிப் பார்ப்பது போலச் சரிபாதி வாய்ப்பாக இருந்தது.

‘‘அப்போ யோசிக்குதுன்னு சொல்லலாமா?’’

‘‘நாம யோசிக்கிற மாதிரின்னு சொல்ல முடியாது. ஆனா தொட்டா நகர்ற வெறும் பொம்மைன்னும் சொல்ல முடியாது.’’

அவள் நோட்டில் இரண்டையும் எழுதிக்கொண்டாள்.

சின்னதுதானே என்று நினைக்காதீர்கள்

‘இதையெல்லாம் பார்த்து என்ன ஆகப்போகிறது?’ என்று வீட்டில் ஒருவராவது கேட்பார். அவருக்குச் சொல்ல மூன்று பதில்கள் தருகிறேன்.

ஒன்று, ஊர்க் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் நிலையங்களில் தண்ணீர் தெளிவதில் சிலியேட்டுகளுக்குப் பெரிய பங்கு உண்டு. மிதந்து திரியும் பாக்டீரியாக்களை அவை தின்று தீர்க்கின்றன. அங்கே பணிபுரிகிறவர்கள் ஒரு சொட்டு எடுத்து மைக்ரோஸ்கோப்பில் பார்த்து, எந்தெந்த உயிரிகள் இருக்கின்றன என்பதை வைத்தே நிலையம் ஒழுங்காக ஓடுகிறதா என்று கணிப்பதுண்டு.

இரண்டு, டெட்ராஹைமினா என்ற குளத்துச் சிலியேட் இரண்டு நோபல் பரிசுகளுக்குப் பின்னால் இருக்கிறது. ஆர்.என்.ஏ. தானே ஒரு நொதி போல வேலை செய்யும் என்பதை தாமஸ் செக் அதில்தான் கண்டார். 1989-இல் வேதியியல் பரிசை சிட்னி ஆல்ட்மனோடு பகிர்ந்துகொண்டார். குரோமோசோம்களின் முனையைக் காக்கும் ‘டெலோமியர்’ பற்றியும், அதைக் கட்டும் நொதி பற்றியும் எலிசபெத் பிளாக்பர்னும் கரோல் கிரைடரும் செய்த ஆய்வுக்கும் அதே உயிரிதான் உதவியது. 2009-இல் ஜாக் ஷோஸ்டாக்கோடு சேர்த்து அவர்களுக்கு மருத்துவப் பரிசு. முதுமை, புற்றுநோய் பற்றிய ஆராய்ச்சியில் இன்று டெலோமியர் இல்லாத பேச்சு குறைவு.

மூன்று, வீட்டு மீன்தொட்டியில் மீன்களின் மேல் உப்புத் தூவியது போல வெள்ளைப் புள்ளிகள் வருமே, அதற்குக் காரணமும் ஒரு சிலியேட்தான். அதனால் நம் பாட்டில் தண்ணீரை மறந்தும் மீன்தொட்டியில் ஊற்றாதீர்கள்.

இந்த மூன்றையும் சொன்ன பிறகும் ‘என்ன ஆகப்போகிறது’ என்றால், அவரையே ஐப்பீஸ் பக்கம் உட்காரவையுங்கள். அதைவிட நல்ல பதில் இல்லை.

ஒரு நோட்டு வாங்குங்கள்

கடைசியாக ஒன்று. செல்போனை ஐப்பீஸ்மேல் வைத்து வீடியோ எடுக்கலாம். எடுங்கள், நன்றாகவே வரும். ஆனால் அதோடு நிறுத்திவிடாமல், கோடு போடாத ஒரு நோட்டில் வரையவும் சொல்லுங்கள். தேதி, நேரம், பாட்டிலின் மேல்மட்டத் தண்ணீரா அடிமட்டமா, எத்தனை மடங்கில் பார்த்தது, எப்படி நகர்ந்தது எல்லாம் இருக்கட்டும். பெயர் தெரியவில்லை என்றால் ‘பெயர் தெரியவில்லை, முட்டை வடிவம், வட்டமாகச் சுற்றுகிறது’ என்றே எழுதட்டும். பார்க்காததற்குப் பெயர் எழுதுவதைவிட, பார்த்ததைப் பெயரில்லாமல் எழுதுவது மேல்.

அப்படி வரையும் படம் கோணலாகத்தான் இருக்கும். புத்தகப் படம் போல அழகாக இருக்காது. தேர்வில் அதற்கு மதிப்பெண் கிடைக்குமா என்றால், அந்தத் தேர்வுக்குப் புத்தகப் படத்தையே வரையட்டும், தப்பில்லை. ஆனால் நட்சத்திரக் குறி போடும்போது, அது பதினைந்து வினாடிக்கு ஒரு முறை சுருங்கியதை எண்ணிய பிள்ளையின் கை வேறு மாதிரி போடும். ‘பாகங்களைக் குறி’ என்ற இடத்தில் அது பெயர் எழுதும்போது, அந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு உயிர் நிற்கும்.

மிளகுத் தண்ணீரை நம்பாதவர்கள் தாங்களே மிளகை ஊறப்போட்டார்கள். ஜென்னிங்ஸைச் சந்தேகித்த காலம் போய், அதே இனத்தைத் தேடிப்பிடித்து மறுபடி பார்த்தவர்கள் வந்தார்கள். இந்த வாரம் நான் எழுதியிருப்பதையும் நீங்கள் அப்படியே நம்பிவிட வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை ஒரு பிடி வைக்கோலை நறுக்குங்கள். அடுத்தடுத்த வாரங்களில் எது எந்த நாளில் வந்தது, நுண்குமிழி எத்தனை வினாடிக்கு ஒரு முறை சுருங்கியது என்று பிள்ளைகளை எழுதச் சொல்லுங்கள். உங்கள் கணக்கும் என் கணக்கும் வேறுபட்டால் சந்தோஷம்தான். ஏன் என்று மறுபடி பார்க்க இன்னொரு சொட்டு பாட்டிலில் இருக்கிறது.